பருவ முடிவில் ஒரு புறாமலைப் பயணம்

தென்மேற்குக் காற்றான கச்சான் தணிந்து வடகிழக்குக் காற்றான வாடை தொடங்குவதற்கு முன்னரான புரட்டாதியில், ஆண்டுதோறும் போலவே இம்முறையும் நானும் மனைவியும் எங்கள் கடற்பயணங்களை முடித்துக்கொள்வதற்காக, திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளிக் கரையிலிருந்து வாடகைப் படகொன்றில் புறாமலைத் தீவுக்குச் சென்று வந்தோம். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள இத்தீவு 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆகவே படகுக் கட்டணத்துக்குப் புறம்பாக அனுமதிச் சீட்டும் பெறவேண்டும் என்பதைப் படகுக்காரர் புறப்படும் முன்னரே தெளிவாகக் கூறியது எனக்குப் பிடித்திருந்தது.

ஓட்டியின் திறமையைக் குறை சொல்ல முடியாது. அலை எழும்போதெல்லாம் வேகத்தைத் தணித்து, படகின் முன்புறமான அணியத்தை அலைக்கு நேராகத் திருப்பி, இயந்திரத்தின் விசிறி பவளப்பாறைகளில் உரசாதபடி மணற்பாங்கான இடம் பார்த்தே கரை சேர்த்தார். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் திருகோணமலையைக் கைப்பற்றிய கதையைத் திரும்பும் வழியில் அவர் சொன்னது, கட்டணத்தில் சேராத சுவை.

உயிர்காப்பு அங்கிகள்தாம் ஏமாற்றம். மனைவிக்குத் தந்த அங்கியின் கொளுவி உடைந்திருந்தது. நாங்கள் வற்புறுத்திக் கேட்ட பின்னரே வேறொன்று கிடைத்தது. அடுத்த பருவத்தில் செல்வோர், அங்கியைப் பூட்டிப் பார்த்த பின்னர் படகில் ஏறுவது நல்லது.