மூக்கை நீட்டிய குட்டி டிராக்டர்

"மாப்ள, உன் டிராக்டர் முன்பக்கத்துல செஞ்ச மாதிரியே எனக்கும் செய்யணும். எவ்வளவு ஆகும்?" என்று உசிலம்பட்டியிலிருந்து நண்பன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. பானட் கொக்கியை ஐந்தாவது தடவையாகக் கழற்றி, கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு, தொழுவத்துத் திண்ணையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இதுதான்.

வண்டி பழையது. மூன்று சிலிண்டர், 18 குதிரைத்திறன், டூ வீல் டிரைவ். தோப்புக்குள்ளும் வரப்போரத்திலும் நுழைகிற குட்டி ரகம். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோதே அதற்கு இருபது வயது தாண்டியிருந்தது. வாடிப்பட்டிப் பக்கம் எனக்குத் தென்னை கொஞ்சம், மல்லி கொஞ்சம். அதற்கு இது போதும். இன்ஜினைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். நான் சொல்ல வருவது முன்பக்கத்தைப் பற்றி மட்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் அதை மாற்றியமைத்தேன்.

ஆரம்பம் அழகுக்காக இல்லை, பயத்தால். பெரியாறு கால்வாய்க் கரையில் ஏறும் பாதை எங்கள் பக்கம் கொஞ்சம் செங்குத்து. டிரெய்லரில் தேங்காயை ஏற்றிக்கொண்டு அதில் ஏறும்போது முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழுந்தன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் காற்றில்தான் திரும்பியது. கிளட்சை மிதித்ததும் தொப்பென்று இறங்கியது. அன்றைக்கு வேட்டி நனையாமல் வீடு வந்ததே பெரிய விஷயம்.

கணக்கு எளிமையானதுதான். வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் முன் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. பின்னால் மண்ணைக் கிளறுகிற சுழல் கலப்பையான ரோட்டவேட்டரைத் தூக்கினாலும், டிரெய்லரை ஏற்றத்தில் இழுத்தாலும் முன்பக்கம் இளைத்துப்போகும். அதனால் முன்னால் எடை மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

எடையை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். என் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 56 அங்குலம். முன் ஆக்சிலுக்கு 16 அங்குலம் முன்னால் 60 கிலோ தொங்கவிட்டேன். நெம்புகோல் மாதிரிதான் இது: முன் சக்கரத்துக்கு 60 இல்லை, 77 கிலோ கூடுகிறது. மிச்ச 17 கிலோ பின் சக்கரத்திலிருந்து கழிந்து வருகிறது. எவ்வளவு தள்ளி மாட்டுகிறோமோ அவ்வளவு லாபம். ஆனால் அந்த லாபத்தைத் தாங்குவது, முன் ஆக்சிலை வண்டியோடு கோக்கிற சென்டர் பின்னும், முன் சக்கரம் திரும்ப அச்சாக இருக்கிற கிங் பின்னும்தான் என்பதை மறக்கக் கூடாது. முதலில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் காங்கிரீட் வார்த்துப் பார்த்தேன். வாளி நிறைய ஊற்றினால் ஏறக்குறைய 48 கிலோ வரும். பரிசோதனைக்கு அது போதும், பார்க்கத்தான் சகிக்காது. அப்புறம் மதுரையில் பழைய இரும்புக் கடையில் தேடி, தடித்த பிளேட்டுகளை நிறுத்து வாங்கி, கேரியர் அடித்து, போல்ட் போட்டு மாட்டினேன்.

நண்பனுக்கு இடையில் ஒன்று: எடை போட்டாகிவிட்டது என்று தைரியத்தில் எதையும் மேல் கொக்கியில் கட்டி இழுத்துவிடாதே. இழுவை எப்போதும் கீழே, பின் ஆக்சிலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் கட்டி இழுத்தால் 60 கிலோ இல்லை, 160 கிலோ மாட்டினாலும் வண்டி பின்னால் கவிழும். மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் குதிக்க நேரம் இருக்காது.

எடை மாட்டும் சாக்கில் முன் ஆக்சிலையும் இறக்கினோம். இதைச் செய்யாமல் எடை போட்டிருந்தால் நான் முட்டாள். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சலக் சலக்கென்றது. பேரிங் என்று நினைத்தேன். பட்டறைக்காரர் கிங் பின் பக்கம் விரலை வைத்து, "இங்க தொட்டுப் பாருங்கண்ணே" என்றார். சக்கரம் மாட்டுகிற ஸ்டப் ஆக்சிலே ஆடியது. கிங் பின்னுக்கு உறையாக இருக்கிற புஷ் ஓவலாகத் தேய்ந்திருந்தது. இடமும் வலமும் பிடித்து ஆட்டியபோது இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடு முனையும் தன் பங்குக்கு ஆடியது. லேத்தில் புதிதாகக் கன்மெட்டல் புஷ் கடைந்து, அழுத்தி ஏற்றி, துளையைச் சீராக்க ரீமர் ஓட்டி, கிங் பின்னைக் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். முன் சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பைவிட 5 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி டை ராடை வைத்தோம்.

அன்று வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முன்பு ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பின பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். இப்போது இரண்டு விரல் அகலம். மல்லிப் பாத்தி ஓரத்தில் கோடு போட்ட மாதிரி போகிறது. நாள் முழுக்க ஓட்டினாலும் தோள்பட்டை வலிப்பதில்லை. பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் கன்னால் நாலு அமுக்கு, அவ்வளவுதான். நான்கு வருடத்தில் இரண்டாவது புஷ் கேட்கவில்லை. வெளியில் தெரியாத இந்த வேலைக்குத்தான் குறைவாகச் செலவானது.

முன் டயரைச் சுற்றி ஒரே வரி மேடு இருந்ததை மூன்று வரி மேடு இருக்கிறதாக மாற்றினேன். ஈரமண்ணில் கொஞ்சம் மேல். அளவு பழையதுதான். நண்பனுடையது ஃபோர் வீல், அவன் முன் டயர் அளவைத் தொடவே கூடாது. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட இத்தனை சதவீதம் வேகமாக உருள வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கியர் வைத்திருக்கிறார்கள். அளவு மாறினால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, கியர்பாக்ஸ்தான் அடிவாங்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

கேரியரும் இரும்பு பிளேட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது கண்ணை உறுத்தியது. சிறந்த காளைக்கு டிராக்டரே பரிசு கொடுக்கிற அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நம் வண்டி பல் நீண்ட கிழவன் மாதிரி நிற்கலாமா? பானட்டை ஏழு அங்குலம் நீட்டி, பிளேட்டுகளை உள்ளே மறைத்து, பழைய காலத்து வண்டிகளில் வருமே, அந்த மாதிரி நெட்டுக்குத்தாகப் பட்டை பட்டையாகக் கிரில் வைத்து, அதற்குள் இரண்டு உருண்டை ஹெட்லைட். டிங்கரிங் வேலையில் குறை சொல்ல முடியாது. வளைவு அப்படி ஒரு வளைவு. நிறம் மட்டும் ஆர்சி புத்தகத்தில் இருக்கிறபடியே. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைப் பற்றி அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று நண்பன் செய்வதற்கு முன்னால் படிக்கட்டும். நான் செய்த பிறகு படித்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தெருவே பார்த்தது. பக்கத்துத் தோப்புப் பெரியப்பா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, வண்டிக்கு மூக்கு முளைச்சிருக்கு?" என்றார். பாராட்டு என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

முதல் கோடையிலேயே சூடு ஏறியது. ரோட்டவேட்டர் போட்டு அரைமணி நேரத்தில் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விடும். ரேடியேட்டரைக் கழுவினோம், தெர்மோஸ்டாட் மாற்றினோம், பெல்ட்டை இறுக்கினோம், கிரில் பட்டையில் ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டியும் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கேரிபேக்கைக் கிழித்து நாலைந்து நாடா செய்து, ரேடியேட்டரைச் சுற்றி ஓரங்களில் ஒட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். காற்று முன்னாலிருந்து ரேடியேட்டர் வழியாக இன்ஜினுக்குப் போக வேண்டும். நடுவில் அப்படித்தான் போனது. ஓரத்து நாடாக்கள் மட்டும் மூக்கை நோக்கிப் படபடத்தன. இன்ஜின் பக்கத்துச் சூடான காற்று, ரேடியேட்டரின் ஓரச் சந்து வழியாகத் திரும்பி மூக்குக்குள் வந்து, மறுபடி ரேடியேட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டதையே திரும்பத் திரும்பச் சாப்பிடுகிற மாதிரி. முன்பு அந்தச் சந்தில் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சுப் பட்டை இருந்தது. பெயின்ட் அடிக்கிறபோது குப்பை என்று சுரண்டி எறிந்துவிட்டார்கள். நானும் கூட நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கதவுக்கு ஒட்டுகிற ஒரு அங்குல ரப்பர் பீடிங் வாங்கி ஒட்டினேன். நூற்றைம்பது ரூபாய். அன்றோடு முள் இறங்கியது. ஒரு கோடை முழுக்க மெக்கானிக்குக்குக் கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, அதுகூடப் போகட்டும். சத்தம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல முடியவில்லை.

நீட்டிய மூக்கு ஏழு அங்குலம் அந்தரத்தில் நிற்கிறது. முன்னால் ஒரே ஒரு கொக்கி. முதல் வருடம் இன்ஜின் நிமிடத்துக்கு 1700 சுற்று வந்தால் மட்டும் தகரம் "டர்ர்ர்" என்று அதிரும். மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. 1700 சுற்றில் நொடிக்கு 42 சொச்சம். என் பானட்டுக்கும் அந்த எண்ணுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம். தாண்டி 1800க்குப் போனால் அமைதி. பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். என் கை சும்மா இருந்ததா? அதிர்வை அடக்க உள்ளே குறுக்காக ஒரு கம்பி வைத்து வெல்டிங் அடித்தேன். தகரம் விறைப்பானது. விறைத்த தகரம் இன்னும் வேகமான அதிர்வுக்குத்தான் பாடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சத்தம் 1700ஐ விட்டு 2200க்கு ஏறியது, நொடிக்கு 55. ரோட்டவேட்டருக்குப் பிடிஓ, அதாவது இன்ஜின் விசையைக் கருவிக்குக் கொடுக்கிற பின்பக்கத் தண்டு, 540 சுற்று சுற்ற வேண்டும். என் வண்டியில் பிடிஓ 540ஐத் தொடுகிற இடம் அதே 2200தான்.

எப்போதாவது கேட்ட சத்தத்தை, ரோட்டவேட்டர் ஓட்டுகிற நேரமெல்லாம் கேட்கிற மாதிரி நானே காசு கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

அதிலிருந்து ஸ்பிரிங் கொக்கி போட்டேன், தளர்ந்தது. பழைய ஜீப்பில் வருகிற ரப்பர் கிளிப் போட்டேன், வெயிலில் வெடித்தது. செருப்பு அடிப்பாகத்தை வெட்டி வைத்தேன், இரண்டு மாதம் தாங்கியது. இப்போது சைக்கிள் டியூப் நாலு மடிப்பு. வேலையாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, வேகம் சரியாக வந்துவிட்டது என்பதற்கு அதைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறான். "அண்ணே, பாட ஆரம்பிச்சிருச்சு, கத்தியை இறக்கலாமா?" என்கிறான். சுற்று காட்டுகிற மீட்டர் வேலை செய்யாத வண்டிக்கு இது ஒரு வசதி என்றுகூடச் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

ஆக நண்பனுக்குப் பதில்: எடை வை. புஷ் மாற்று. கால்வாய்க் கரையில் இன்று எத்தனை மூட்டையோடு ஏறினாலும் என் முன் சக்கரம் தரையை விட்டதில்லை. நான் இந்த வண்டிக்குச் செய்த வேலைகளில் இதைவிட நல்லது எதுவும் இல்லை. அப்படியிருந்தும் நீ முன்பக்கத்தைத் தொடாதே என்றுதான் சொல்வேன். உன்னை எனக்குத் தெரியும், நீயும் புஷ்ஷோடு நிறுத்த மாட்டாய்.

"அப்ப பழைய பானட்டையே திரும்ப மாட்டிர வேண்டியதுதானே?" என்று கேட்பான். கேட்டுவிட்டான், நேற்று. மாட்ட முடியாது. அது கோழிக்கூட்டுக்குக் கூரையாகி நான்கு வருடமாகிறது. காற்றடித்தால்கூட ஒரு சத்தம் கிடையாது.