ஏலத்தில் எடுத்த பட டிஸ்க் அசலா, போலியா? பல வருட அனுபவம்

பழைய படங்களின் டிவிடிகளையும் ப்ளூ-ரேக்களையும் இணைய ஏலத்தில் எடுத்துச் சேர்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். விற்பனை நின்றுபோன பதிப்பு வேண்டுமென்றால் ஏலத்தை விட்டால் பெரும்பாலும் வேறு வழி கிடையாது. போலி வியாபாரம் செழிப்பதும் அங்கேதான். இத்தனை வருடம் வாங்கியதில், பார்த்ததில், திருப்பி அனுப்பியதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: கவரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. டிஸ்க்கைத் திருப்பி, நடு ஓட்டையைச் சுற்றியிருக்கும் குறுகிய வளையத்தைப் பார்க்க வேண்டும். கவரை நகலெடுக்க ஒரு ஸ்கேனரும் பிரிண்டரும் போதும். அந்த வளையத்தை நகலெடுக்க ஒரு தொழிற்சாலையே வேண்டும்.

டிஸ்க் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இது சுலபமாகப் புரியும். கம்பெனி டிவிடி என்பது அச்சில் வார்த்தது. உருக்கிய பாலிகார்பனேட்டை அச்சில் செலுத்தி, படத்தின் தகவல் முழுவதையும் நுண்ணிய பள்ளங்களாகப் பதித்து, 0.6 மி.மீ. தகடாக எடுக்கிறார்கள். மேலே ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்து, இன்னொரு 0.6 மி.மீ. தகட்டோடு சேர்த்து ஒட்டுகிறார்கள். வீட்டில் எழுதும் டிவிடி-ஆர் அப்படி இல்லை. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கும். எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் போடுகிறது. எழுதிய டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதாவாகவோ நீலம் கலந்தோ தெரிவது இதனால்தான். வார்த்த டிஸ்க் வெள்ளியாக மின்னும். இரண்டு அடுக்கு உள்ளது என்றால் லேசான பொன்னிறம் காட்டும்.

ஆகவே முதல் சோதனை நிறம். விளக்கு வெளிச்சத்தில் டிஸ்க்கைச் சாய்த்துப் பிடித்தால் போதும். ஊதா தெரிந்தால் அது எழுதியது. ஆனால் எழுதியதெல்லாம் திருட்டு டிவிடி என்று சொல்லிவிட முடியாது. வார்னர் நிறுவனம் 2009-இல் தன் பழைய படங்களை ஆர்டர் வந்த பிறகு டிவிடி-ஆரில் எழுதித் தரும் வரிசையைத் தொடங்கியது. அவை முழுக்க முழுக்க அசல். இப்படிப்பட்ட பதிப்புகளில் ‘கேட்ட பின் தயாரிப்பது’ என்ற தகவல் கவரிலேயே இருக்கும். விற்பவரும் அதை மறைக்கக் காரணம் இல்லை. பெரிய ஸ்டுடியோவின் சாதாரணக் கடைப் பதிப்பு என்று சொல்லி ஊதா டிஸ்க் வந்தால் மட்டும் மேற்கொண்டு யோசிக்கவே தேவையில்லை.

இனி வளையத்துக்கு வருவோம். தகவல் பகுதி தொடங்குவதற்கு முன்னால் கண்ணாடி போல் மின்னும் ஒரு பட்டை இருக்கும். அசல் டிஸ்க்கில் அதில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வட்டமாக ஓடும். அது தயாரிப்பு எண். பெரும்பாலும் கவர் முதுகில் உள்ள பட்டியல் எண்ணோடு ஏதோ ஒரு வகையில் ஒத்துப்போகும். பெட்டித் தொகுப்பாக இருந்தால் முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க் என்று அந்த எண்ணும் வரிசையாக மாறும். அதே பட்டையில் ஐஎஃப்பிஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும், அவற்றை அடுத்து ‘எல்’ என்று தொடங்கும் சிறு குறியீடும் இருக்கும். மூல அச்சை உருவாக்கிய இயந்திரத்தின் அடையாளம் அது. இன்னும் உள்ளே, ஓட்டைக்கு அருகில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில், மறுபடியும் ஐஎஃப்பிஐ என்று மிகப் பொடியாகப் பதிந்திருக்கும். அங்கே ‘எல்’ வராது. எந்த வார்ப்பு அச்சில் வார்த்தது என்பதற்கான குறி அது. ஐஎஃப்பிஐ எனும் ஒலிப்பதிவுத் துறையின் சர்வதேசக் கூட்டமைப்பும் பிலிப்ஸும் சேர்ந்து 1994-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஒரு டிஸ்க் எந்த ஆலையில் பிறந்தது என்று பின்னால் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள்.

இந்த உள்குறியைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். கறுப்புத் துணி மேல் டிஸ்க்கை வைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். கைபேசி கேமராவில் பெரிதாக்கினாலும் பல சமயம் போதும்.

ஒரு தொலைக்காட்சித் தொடரின் முழுத் தொகுப்பை ஏலத்தில் எடுத்தபோது இந்த வளையம்தான் உண்மையைச் சொன்னது. வெளிப்பெட்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கெட்டி அட்டை, பளபளப்பான பூச்சு, முதுகெழுத்துகூட நேராக இருந்தது. டிஸ்க்கின் அடிப்பக்கமும் வெள்ளி நிறம்தான். அதாவது எழுதியது இல்லை, எங்கோ ஓர் ஆலையில் வார்த்ததுதான். ஆனால் ஐஎஃப்பிஐ குறி இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பாக ஒரு திட்டு மட்டும் இருந்தது. அச்சிலேயே குறியைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். தயாரிப்பு எண்ணிலும் தொடரின் பெயரோ பட்டியல் எண்ணோ கிடையாது. எல்லா டிஸ்க்கிலும் ஒரே மாதிரி நாலைந்து இலக்கம், அவ்வளவுதான். போட்டுப் பார்த்தால், வேகமாக நகரும் காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. விற்றவரிடம் வளையத்தின் படத்தை அனுப்பிக் கேட்டேன். பதில் வரவில்லை. தளத்தில் புகார் பதிந்த பிறகு பணம் வந்தது.

வார்த்த போலிகளிடம் அதிக எச்சரிக்கை வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நிறத்தை மட்டும் நம்புகிறவர்கள் இவற்றிடம் ஏமாந்துபோவார்கள். குறி இல்லாத அசலும் உண்டு. ஆரம்ப கால டிஸ்க்குகள் சிலவற்றிலும் சிறு ஆலைகளில் தயாரானவற்றிலும் அது இல்லாமல் போகலாம். ஆக, குறி இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். குறி இருந்த இடம் தேய்ந்திருக்கிறது என்றால் சந்தேகம் தேவையில்லை, அது போலி.

வாங்கும் முன்பே, ஏல அறிவிப்பைப் படிக்கும்போதே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. இதை அதிகம் பேர் செய்வதில்லை. இரண்டு அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் என்ற சுமாரான தரத்தில் அதில் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் அடங்கும். ஒரு அடுக்கு டிஸ்க் 4.7 ஜிபி, அதில் சுமார் இரண்டு மணி நேரம். இப்போது அறிவிப்பில் எத்தனை பாகங்கள், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், மொத்தம் எத்தனை டிஸ்க் என்று பாருங்கள். 24 நிமிடப் பாகங்கள் இருபதை ஒரே டிவிடியில் போட்டிருந்தால் அது எட்டு மணி நேரம். தரத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்காமல் அது முடியாது. ஜப்பானிய அனிமேத் தொடர்களின் போலித் தொகுப்புகள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும். அசல் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு டிஸ்க் இருக்கும் இடத்தில் அவற்றில் மூன்றோ நாலோதான் இருக்கும். வசன வரிகளும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தவை. யார் பேசுகிறார், என்ன சொல்கிறார் என்றே விளங்காது. இப்படிப் பார்த்த பிறகு அந்தத் தொடரையே பிடிக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், தப்பு தொடருடையது இல்லையே.

டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீடும் உதவும். டிவிடிக்கு 1 முதல் 6 வரை மண்டலங்கள் உண்டு, ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்று. பெரிய ஸ்டுடியோவின் டிவிடியை ‘எல்லா மண்டலத்திலும் ஓடும்’ என்று விற்றால், அந்தப் பதிப்பு அப்படித்தான் வெளிவந்ததா என்று தேடிப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது என்பதால் அங்கே இது செல்லாது. அறிவிப்பில் சொல்லும் தொகுப்பு உண்மையிலேயே வெளிவந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நடிகரின் படங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் என்று அறிவிப்பு வரும். அந்தப் படங்களின் உரிமையோ மூன்று நாலு ஸ்டுடியோக்களிடம் பிரிந்து கிடக்கும். அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெட்டி போடுவது அபூர்வம்.

கவரை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றேன், பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் கலைஞர் பெயர்கள் இருக்கும் இல்லையா, அங்கே பூதக்கண்ணாடியை வையுங்கள். அசலில் அந்த எழுத்து பெரும்பாலும் ஒரே மையில், விளிம்பு கூர்மையாக இருக்கும். ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்ததில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறி, ஓரத்தில் சிவப்போ நீலமோ கசியும். படப் பகுதியில் அலை அலையாக ஒரு கோலம் தெரிந்தாலும் அதே காரணம்தான். பார்கோடையும் கவனியுங்கள். அமெரிக்கப் பதிப்பில் 12 இலக்கம், ஐரோப்பியப் பதிப்பில் 13. அந்த எண்ணை இணையத்தில் தேடினால் வேறு படம் வருகிறது என்றால் கவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு நான் அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை. பழைய டிஸ்க் விற்பவர்கள் உடைந்த டப்பாவை மாற்றுவது சகஜம்.

விற்பவரைப் பற்றி. விற்பனை நின்றுபோன ஒரே படத்தின் ‘புத்தம் புதிய’ பிரதிகளை ஒருவர் வாராவாரம் ஏலத்துக்கு விடுகிறார் என்றால், அந்தப் பிரதிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டே ஆக வேண்டும். நல்ல மதிப்பெண்களை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். பலர் பார்சல் வந்த அன்றே மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள், படத்தைப் போட்டுப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். மோசமான மதிப்பெண்களைத் தனியாக எடுத்து, அதில் ‘காப்பி’ என்ற வார்த்தை வருகிறதா என்று தேடுவது என் வழக்கம். விலை கேட்கும் முன், டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எழுதுவேன். நேர்மையான சேகரிப்பாளர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள், சில சமயம் கேட்காத தகவலும் சேர்த்து. ‘சீல் பிரிக்கவில்லை, அதனால் முடியாது’ என்று பதில் வந்தால் நான் ஏலத்தில் இறங்குவதில்லை. பிளாஸ்டிக் உறை போட ஒரு சின்ன இயந்திரம் போதும். சீல் இருப்பது எதையும் நிரூபிக்காது.

ப்ளூ-ரேயில் நிறச் சோதனை அவ்வளவு உதவாது. அசலின் அடிப்பக்கமே நீலச் சாயலாக, இருட்டாகத்தான் இருக்கும், எழுதியதும் பல சமயம் அப்படியே. கணினியின் ப்ளூ-ரே டிரைவில் போட்டுக் கோப்புகளைப் பார்ப்பதுதான் எனக்குக் கைகொடுத்தது. கடையில் விற்ற ஸ்டுடியோ ப்ளூ-ரேயில் ‘ஏஏசிஎஸ்’ என்ற பாதுகாப்புக் கோப்புறை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் நகல் என்றே எடுத்துக்கொள்வேன். ப்ளூ-ரே என்று கவரில் போட்டுவிட்டு உள்ளே டிவிடியில் எச்டி படத்தை எழுதி வைத்த மோசடியும் உண்டு. கொள்ளளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ப்ளூ-ரேயின் ஒரு அடுக்கே 25 ஜிபி.

டிவிடிக்கு இம்ஜ்பர்ன் போன்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் எந்த வகை என்று அது காட்டும். ஒரு நுணுக்கம் மட்டும் நினைவில் இருக்கட்டும். டிவிடி-பிளஸ்-ஆர் வகையை எழுதும்போது ‘இது டிவிடி-ரோம்’, அதாவது வார்த்த டிஸ்க், என்று பொய்க்குறி போட வழி உண்டு. அதனால் வகைப் பெயரோடு நிறுத்தாமல், வெற்று டிஸ்க் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு எதுவும் காட்டுகிறதா என்றும் பாருங்கள். காட்டினால் அது எழுதியதுதான்.

வருடங்கள் போன பிறகுதான் போலியின் இன்னொரு முகம் தெரியும். வாங்கியபோது ஒழுங்காக ஓடிய எழுதிய டிஸ்க்குகள் சில, இப்போது படத்தின் கடைசி அரை மணி நேரத்தில் திணறி நின்றுவிடுகின்றன. தகவல் உள்ளிருந்து வெளியே போகும் வரிசையில் எழுதப்படுகிறது. ஒரு அடுக்கு டிஸ்க் என்றால் கிளைமாக்ஸ் இருப்பது வெளி விளிம்பில். அந்த விளிம்பில்தான் எழுத்தின் தரமும் முதலில் கெடுகிறது. வெப்பமும் வெயிலும் சாயத்தைச் சீக்கிரம் அழிக்கும். அதே அலமாரியில், அதே வெப்பத்தில் இருக்கும் என் பழைய வார்த்த டிவிடிகள் இன்றும் தடங்கலின்றி ஓடுகின்றன. அதனால் பார்சல் வந்த உடனே ஒவ்வொரு டிஸ்க்கின் கடைசிக் காட்சியையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

போலி என்று தெரிந்தால் நாளைக் கடத்த வேண்டாம், புகாருக்கு எல்லாத் தளங்களிலும் கெடு உண்டு. அடிப்பக்கம் முழுவதும், வளையத்தின் நெருக்கப் படம், பின்னட்டைப் பொடி எழுத்து, மென்பொருள் காட்டிய திரை ஆகிய நான்கையும் படமெடுத்துப் புகாரோடு சேருங்கள். ‘தரம் சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் பேச்சு இழுத்துக்கொண்டே போகும். ‘வார்த்த டிஸ்க் என்று விற்றது, வந்தது எழுதிய டிஸ்க்’ என்று எழுதினால் சீக்கிரம் முடியும். பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்று விற்றவர் பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், புகார் பதிவில் இருந்தால்தான் அடுத்து வாங்குபவருக்குத் தெரியும். பணம் திரும்பி வந்து, டிஸ்க்கை அனுப்பத் தேவையில்லை என்று தளம் சொல்லிவிட்டால், அதை உடைத்துப் போட்டுவிடுங்கள். தெரிந்தவருக்குச் சும்மா கொடுத்தாலும் அது ஒரு நாள் மறுபடி ஏலத்துக்கு வந்து நிற்கும்.