பழைய டீசல் வண்டிக்கு ஆன்லைனில் ஹெட் வாங்கப் போகிறீர்களா? என் 78,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

வயிறு எரிகிற வேகத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 78,500 ரூபாய். சிலிண்டர் ஹெட் (எஞ்சின் பிளாக்கின் மேல் உட்காரும், வால்வுகள் இருக்கிற பகுதி) என்ற பெயரில், வெடித்துப்போய் வெல்டிங் வைத்த ஒரு அலுமினியத் துண்டைப் பளபளவென்று தேய்த்து என் தலையில் கட்டிவிட்டான் ஒருத்தன். இந்தக் குரூப்பில் என்னைப் போல வீட்டிலேயே எஞ்சின் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். நம்மைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என் வண்டி 2007 பஜேரோ எஸ்எஃப்எக்ஸ். இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி. உள்ளே 4எம்40 டீசல் எஞ்சின், 2,835 சிசி. பிளாக் இரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சூடேறினால் இரண்டும் ஒரே அளவுக்கு விரியாது. ஒரு தடவை நன்றாக ஓவர்ஹீட் ஆனால் போதும், ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே வெடிப்பு விழ வாய்ப்பு அதிகம். இந்த எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். என் வண்டியிலும் அதே கதைதான். காலையில் ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே, எஞ்சின் சூடாகும் முன்பே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் விண்ணென்று இறுகிவிடும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்) ரிசர்வ் டேங்கில் குமிழி குமிழியாக வரும். சிலிண்டரில் எரிகிற காற்று கூலன்ட்டுக்குள் போகிறது என்று அர்த்தம்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் 'எஞ்சினையே மாத்திரலாம் சார்' என்கிறார்கள். நானே பிரித்தேன். டர்போ பைப், இன்டேக், எக்ஸாஸ்ட், டீசல் லைன் எல்லாவற்றையும் வரிசையாகக் கழற்றிப் பெயர் எழுதிய கவரில் போட்டு வைத்தேன். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும்போது செயினைக் கம்பியால் கட்டி மேலே நிறுத்த வேண்டும். அது நழுவி உள்ளே இறங்கிவிட்டால் முன் கவரையும் பிரிக்க வேண்டியதுதான். அதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஹெட்டைத் தூக்கிக் கோவை கணபதியில் தெரிந்த லேத்கார அண்ணனிடம் கொண்டுபோனேன். "வெல்டு வெச்சா நிக்காது தம்பி. வெடிப்பு வாட்டர் ஜாக்கெட், அதான் உள்ள தண்ணி ஓடுற இடம், வரைக்கும் போயிருக்கு. வேற ஹெட் பாரு" என்றார்.

தேடும்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய பொருள், ஸ்பேர் எல்லாம் விற்கிற ஆப் ஒன்று. பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். '4எம்40 ஹெட், வெளிநாட்டு இறக்குமதி, பிரித்துப் பார்க்காதது' என்று நாலு படம். விற்பவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். போன் செய்தேன்.

இங்கேதான் கவனியுங்கள். அவன் ஒரு வியாபாரி மாதிரியே பேசவில்லை. "நீங்களே பிரிச்சீங்களா பிரதர்? சூப்பர். நானும் வீட்ல வெச்சுதான் வேலை பார்ப்பேன். ஒர்க்‌ஷாப்காரனுங்கள நம்பவே கூடாது" என்றான். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜில் அளந்தீர்களா, அதற்கேற்ற தடிமனில்தான் நடுவில் வைக்கிற கேஸ்கெட் போடணும், தெரியுமில்லையா என்று அவனே கேட்டான். இதைக் கேட்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? பிரஷர் டெஸ்ட் பண்ணித் தருவீர்களா என்றேன். மறுநாளே வீடியோ வந்தது. தொட்டியில் சுடுதண்ணீர், வாட்டர் ஓட்டைகளை எல்லாம் பிளேட் வைத்து அடைத்து, காற்றை ஏற்றி, ஹெட்டை முக்குகிறார்கள். ஒரு குமிழி வரவில்லை. தண்ணீர் அவுட்லெட் பக்கத்து மூலையில் நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு. 'உங்களுக்குன்னு மார்க் பண்ணிட்டேன் பிரதர்' என்று கீழே ஒரு மெசேஜ். ஒரு லேத் பட்டறை சீல் வைத்த ரிப்போர்ட்டும் வந்தது.

அட்வான்ஸ் 10,000, லாரியில் ஏற்றும் முன் 68,500. அந்த ஆப்பில் பணம் கட்டும் வசதியே கிடையாது, நேராக யுபிஐதான்.

பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் நீலக்கோடு இல்லை. அப்போதே போன் அடித்துக் கேட்டேன். "அனுப்பறதுக்கு முன்னாடி கெமிக்கல் வாஷ் பண்ணோம் பிரதர், பெயின்ட் போயிருக்கும்" என்றான். ஹெட் வேறு புத்தம் புதிதாக மின்னியது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்தால் தளமும் சரியாக இருந்தது. புதுக் கேஸ்கெட் செட், புது போல்ட், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக டார்க் (போல்ட்டை அளந்து இறுக்குவது), ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி), எல்லாம் மேனுவல்படி. ஸ்டார்ட் ஆனது. அவ்வளவு மிருதுவாக ஓடியது.

ஊட்டி ரோட்டில் கல்லாறு தாண்டி ஏற்றம் ஏறும்போது டெம்பரேச்சர் முள் நகர ஆரம்பித்தது. அதே ஹோஸ், அதே குமிழி.

திரும்பவும் பிரித்து, திரும்பவும் கணபதி. லேத்கார அண்ணன் இந்தத் தடவை டை அடித்துப் பார்த்தார். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் ஸ்பிரே. மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவில், வெள்ளையைப் பிளந்துகொண்டு மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு மேலே வந்தது. அதைச் சுற்றிலும் விரல் நகம் அளவுக்கு நிறம் வேறாக ஒரு திட்டு. "இது வெல்டு. பழைய வெடிப்ப மூடி, ஃபேஸ் அடிச்சு, பிளாஸ்ட் பண்ணி பளபளப்பாக்கிருக்கான். வீடியோல பார்த்தது இந்த ஹெட்டே இல்ல தம்பி" என்றார். இறக்குமதியாம், பிரித்துப் பார்க்காததாம்! 78,500 ரூபாய்க்கு எனக்கு வந்தது நான் கழற்றிப் போட்டதைவிடக் கேவலமான ஹெட்.

அதற்குப் பிறகு ஆள் 'பிரதர்' இல்லை, 'சார்' ஆகிவிட்டான்.

முதலில் "டார்க் சரியா குடுத்திருக்க மாட்டீங்க சார்". டார்க் ரெஞ்ச் வெல்டிங் வைக்குமாடா என்று கேட்டேன். அடுத்து "எஞ்சின்ல ஏறின பார்ட்ஸுக்கு வாரண்டி இல்ல சார்". ஏற்றாமல் எப்படித் தெரியும்? அதற்கடுத்து வந்ததுதான் நான் முதலில் சொன்ன விஷயம். "ஜிஎஸ்டி உள்ள ஒர்க்‌ஷாப்ல ஃபிட் பண்ணின பில் இருக்கா? இருந்தா அனுப்புங்க, பார்க்கலாம். வீட்ல வெச்சுப் பிரிச்சா நாங்க பொறுப்பில்ல." ஒர்க்‌ஷாப்காரனை நம்பாதே என்று தோளில் கைபோட்ட அதே வாய்! வீட்டில் வேலை பார்க்கிறவனிடம் லேபர் பில் இருக்காது என்று முதல் போனிலேயே கணக்குப் போட்டிருக்கிறான். ஒர்க்‌ஷாப்புக்கு இந்த ஹெட்டை விற்றால் நாலு பேர் வந்து கடையில் நிற்பார்கள், அதனால் அவர்களுக்கு விற்க மாட்டான். இப்போது என் நம்பர் பிளாக்.

ஆப் கஸ்டமர் கேர் அதைவிட மோசம். முதலில் ரோபோ சாட். மனுஷன் வந்து கேட்டது டிக்கெட் நம்பர். பச்சை டிக் போட்டிருந்தீர்களே என்றால், "அந்த டிக் ஃபோன் நம்பருக்குத்தான் சார், பொருளுக்கு இல்ல". 78,500 ரூபாய் என்றேன். "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்" என்று பதில். புரிந்துகொள்ளவா சொன்னேன், திருப்பித் தரச் சொல்லு! 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி இவர்களுடைய குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று எழுதி மெயில் போட்டேன். டிக்கெட் குளோஸ்டு என்று வந்தது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தாயிற்று. லேத்கார அண்ணன் கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் தந்திருக்கிறார், பாவம், டை டெஸ்ட்டுக்குக் காசுகூட வாங்கவில்லை.

பழைய வண்டிக்கு ஸ்பேர் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இப்போதைக்கு இது போதும். ஹெட் எங்கிருந்து வந்தாலும் உங்கள் ஊர் பட்டறையில் உங்கள் கண்முன்னே பிரஷர் டெஸ்ட், டை டெஸ்ட். முடிந்தால் நேரில் போய் ஹெட்டில் உங்கள் கையால் பஞ்ச் வைத்து அடையாளம் அடித்துவிட்டு வாருங்கள், பெயின்ட் கோட்டை நம்பாதீர்கள். 'சொந்தமாக ஃபிட் செய்தாலும் வாரண்டி உண்டு' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் போனை வையுங்கள். பெட்டி திறப்பதை முழுசாக வீடியோ எடுங்கள். நான் எடுத்திருக்கிறேன், வழக்கில் என் பெரிய பிடிமானமே அதுதான்.

சற்று முன் வேறு நம்பரிலிருந்து அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே நாலு படம், அதே பச்சை டிக். விலையை 82,000 ஆக்கியிருக்கிறான். 4எம்40 ஹெட் விளம்பரம் பார்த்தால் பணம் அனுப்பும் முன் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள், அவனுடைய வீடியோவும் எனக்கு வந்த ஹெட்டின் படமும் அனுப்புகிறேன். நல்ல ஹெட் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள். நேரில் வந்து பார்த்துத்தான் எடுப்பேன்.