பால்வினை நோய்க்கு மெடிக்கல் ஷாப்பா, லாட்ஜ் டாக்டரா, ஜி.எச்.சா?

வடபழனிப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நாலு வருஷம் நின்றிருக்கிறேன். கூட்டம் கலையட்டும் என்று இருமல் மருந்து போஸ்டரையே படித்துக்கொண்டு ஓரமாக நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியும். "அண்ணே, வெயில்ல அலைஞ்சது, நீர்க்கடுப்பு. ஏதாச்சும் மாத்திரை குடுங்க." சென்னை மே மாதத்தில் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். "சீழ் வருதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாட்டிக் பட்டையைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறேன்.

சீழ் வந்தால் அது சூடு இல்லை. பெரும்பாலும் கொனோரியா என்கிற பால்வினை நோய்; பழைய பேர் வெட்டை. உறவுக்குப் பின் 2 முதல் 7 நாளில் தலைகாட்டும். பாக்டீரியாவால் வருவது, இளநீருக்கும் மோருக்கும் அடங்காது. சிப்ரோவுக்கும் அது மசிவதில்லை, அந்த மருந்தைத் தாங்கும் சக்தி கிருமிக்கு வளர்ந்து பல வருஷம் ஆகிறது. கூடவே கிளமிடியா என்கிற இன்னொரு பால்வினைத் தொற்றும் சத்தமில்லாமல் இருக்கலாம். பெண்களில் பலருக்கு அறிகுறியே தெரியாது, கருக்குழாயைக் கெடுத்த பிறகுதான் தெரியவரும்.

மெடிக்கல் ஷாப்பை விட்டால், லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கும் லாட்ஜ் டாக்டர். 'மேகவெட்டை, வெள்ளை, நரம்புத்தளர்ச்சி' என்று சுவரில் நோட்டீஸ், கீழே அவர் வரும் தேதி. இவரை ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள்? சிபிலிஸ்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறது. அதுவும் பால்வினை நோய்தான், முதலில் பிறப்புறுப்புப் பக்கம் ஒரு புண்ணாக வரும். அந்தப் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். லேகியம் கொடுத்தவருக்கும் பேர், களிம்பு கொடுத்த எனக்கும் பேர். கிருமி மட்டும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரலாம், அதுவும் மறையும். விட்டுவிட்டால் சிலருக்குப் பல வருஷம் கழித்து இதயம், மூளை. கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

தனியார் லேப் மேல். ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆகாது. தொற்றிய மறுவாரமே சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை வி.டி.ஆர்.எல். எடுத்து 'நெகட்டிவ்' என்று நிம்மதியாகத் தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். புண் வரவே சராசரி 21 நாள், சிலருக்கு 90 நாள் வரை ஆகும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்காவிட்டால் அந்தக் காசு தண்டம்.

என்னைக் கேட்டால் ஜி.எச்.தான். சென்ட்ரலுக்கு எதிரே, பால்வினை நோய்ப் பிரிவு. மற்ற அரசு மருத்துவமனைகளில் 'சுகவாழ்வு மையம்' என்ற போர்டைத் தேடுங்கள். வரிசை நீளம், தெரிந்த முகம் எதிர்ப்படும் பயம், இரண்டும் உண்டு. ஆனால் பரிசோதித்துப் பார்த்து, மருந்தை இலவசமாகத் தருவார்கள். சீழுக்குச் சாம்பல் நிறக் கிட்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். துணைக்கும் சிகிச்சை உண்டு, அதுதான் பாதி வைத்தியம். சிபிலிஸுக்குப் பென்சத்தீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட். இடுப்பில் போடும் ஊசி, உட்கார முடியாது. ஆரம்ப நிலைக்கு ஒரு தடவை, நாள்பட்டதற்கு வாரம் ஒன்றாக மூன்று. அலர்ஜி ஆபத்து இருப்பதால் கவுன்டரில் நடக்கிற வேலை இல்லை. பிறகு வி.டி.ஆர்.எல். அளவு நாலில் ஒரு பங்காக, உதாரணமாக 1:32-லிருந்து 1:8 ஆக, இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். டி.பி.எச்.ஏ. என்கிற இன்னொரு சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை மட்டும் பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான், பதறவேண்டாம்.

தடுப்பில் ஆணுறையை மிஞ்ச ஒன்றுமில்லை, உறை மூடாத இடத்துச் சிபிலிஸ் புண்ணைத் தவிர. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் 200 மில்லிகிராம் என்று இப்போது பேசுகிறார்கள். ஆய்வுகளில் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் சிபிலிஸ், கிளமிடியா நன்றாகக் குறைந்தன; கென்யாவில் பெண்களிடம் நடந்த ஆய்வில் பெரிய பலன் தெரியவில்லை. டாக்டரைக் கேட்காமல் இதை ஆரம்பித்தால் சிப்ரோ கதைதான்.

சிப்ரோ வாங்கியவர் பத்து நாளில் திரும்பி வந்தார். "வீட்லயும் அதே கடுப்பு அண்ணே, ரெண்டு பேருக்கா குடுங்க." நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. "மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல இறங்குங்க, எதிர்லதான் ஜி.எச். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.