எப்போதும் 98 காட்டும் ஆக்சிமீட்டர்: வைத்திருப்பவர்களும் வாங்க இருப்பவர்களும் கவனிக்கவும்

விரலில் மாட்டினால் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் கருவிதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் இணையத்தில் வாங்கிய அந்தக் கருவி இன்னும் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், அதை நம்பி யாருடைய உடல்நிலையையும் முடிவு செய்வதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடுங்கள். எங்களுக்கு மருத்துவக் கருவி என்று சொல்லி விற்கப்பட்டது, விரலை வைத்தாலும் பேனாவை வைத்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகிற பொம்மை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது தள்ளிப்போனது. விற்றவர் மீது இதுவரை எந்த நடவடிக்கையும் இல்லை. அதே கருவி, அதே படங்களோடு, வேறொரு பெயரில் இன்றும் விற்பனையில் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு காலம் கழித்தும் இதை எழுதுகிறேன்.

அதுவரை மருத்துவர்களின் கையில் மட்டுமே பார்த்திருந்த ஒரு கருவி எல்லோர் வீட்டுக்கும் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர் ரிச்சர்ட் லெவிட்டன், நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிகள் பேசிக்கொண்டும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டும் இருக்கும்போதே அவர்களுடைய ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்ததைத் தாம் கண்டதாகவும், வீட்டிலேயே ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தால் அதை முன்கூட்டியே அறியலாம் என்றும் அவர் வாதிட்டார். மூச்சுத் திணறல் என்ற உணர்வைப் பெரும்பாலும் தூண்டுவது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். கொரோனா நிமோனியாவின் தொடக்கத்தில் பலருக்கு அது தங்குதடையின்றி வெளியேறிக்கொண்டே இருந்ததால், ஆக்சிஜன் சரிந்தது உடலுக்கே தெரியாமல் போனது. அறிகுறி இல்லாத ஆபத்து என்று கேள்விப்பட்டபின் யார்தான் சும்மா இருப்பார்கள்? எல்லோர் வீட்டிலும் இந்தக் கருவி வேண்டுமா, அது தேவையற்ற பீதியைக் கிளப்புமா என்று மருத்துவர்களிடையே விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே கடைகளில் இருப்பு தீர்ந்துவிட்டது.

மருத்துவமனைகள் நிரம்பியபின் இன்னொன்றும் நடந்தது. படுக்கை யாருக்கு, வீடு யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு வந்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை (என்எச்எஸ்) 2020 நவம்பரிலிருந்து, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளின் வீட்டுக்கே ஆக்சிமீட்டரைக் கொடுத்துக் கண்காணிக்கும் முறையை விரிவுபடுத்தியது. 2021 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும், நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் வீட்டில் இருக்கும்போது இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் நோயாளிக்கு விளக்கம் சொல்லவும் தொடர்ந்து விசாரிக்கவும் ஆட்கள் இருக்கிற ஒரு கவனிப்பு ஏற்பாட்டின் பகுதியாகத்தான் அந்தப் பரிந்துரை இருந்தது. தாமாகப் பணம் கொடுத்து வாங்கிய எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது கருவி மட்டும்தான், அதுவும் போலி.

பெயர் தெரிந்த நிறுவனங்களின் கருவிகள் எங்கும் கிடைக்காத நிலையில், ஓர் இணையச் சந்தையில் ஒரு விற்பனையாளரிடம் மட்டும் "உடனடி இருப்பு" என்று இருந்தது. மருத்துவத் தரம், சிஇ என்ற ஐரோப்பியத் தரச் சான்று, ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது என்றெல்லாம் விவரணையில் எழுதியிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகளும் இருந்தன. வந்து சேர்ந்த பெட்டியில் தயாரிப்பாளரின் முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை. நான்காக மடித்த விளக்கத் தாளின் கடைசி வரியில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டுமே படிக்கக்கூடிய எழுத்தில், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று இருந்தது. விற்பனைப் பக்கத்தில் மருத்துவத் தரம், பெட்டிக்குள் மருத்துவத்துக்கு அல்ல. விற்றவர் தன் மீது வழக்கு வராமல் இருக்க முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு அது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் தொற்று உறுதியான பிறகு, தொலைபேசியில் பார்த்த மருத்துவர் காலையும் மாலையும் ஆக்சிஜன் அளவைக் குறித்து அனுப்பச் சொன்னார். கருவியை மாட்டியதும் நீல நிறத்தில் எண் ஒளிரும், பக்கத்தில் ஒரு சிறிய பட்டை தாளம் தப்பாமல் ஏறி இறங்கும். 98, 97, 98. காய்ச்சல் ஏறினாலும் இருமல் கூடினாலும் எண் மட்டும் அசையவில்லை. "சாச்சுரேஷன் நன்றாகத்தானே இருக்கிறது, வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம்" என்றார் மருத்துவர். அவருக்கு நாங்கள் அனுப்பிய எண்ணை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

செவிலியராக இருக்கும் என் அக்கா முகக்கவசம் அணிந்து வந்து, கருவியைத் தொடவே இல்லை. அப்பாவின் நெஞ்சைப் பார்த்தபடி நின்று, கடிகாரத்தை வைத்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். பிறகு, "அப்பா, நேற்று என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க" என்றார். அப்பா மூன்று சொற்களுக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். அவருடைய உதட்டின் ஓரம் லேசாகக் கறுத்திருந்தது. அக்கா தன் பையிலிருந்து மருத்துவமனைக் கருவியை எடுத்து அதே விரலில் மாட்டினார். எண் தடுமாறி, இறங்கி, 86இல் நின்றது. எங்கள் கருவியை அடுத்த விரலில் மாட்டினால் அது அப்போதும் 98 என்றது. ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமானவர்களுக்குப் பொதுவாக 95 முதல் 100 வரை இருக்க வேண்டும். கொரோனாவில் 90க்குக் கீழே போனால் அதைத் தீவிர நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தோம். அப்பா ஆக்சிஜன் உதவியுடன் பிழைத்து வந்துவிட்டார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் வீடு திரும்பியபின் அந்தக் கருவியில் ஒரு பேனாவைச் செருகிப் பார்த்தோம். 97, நாடித் துடிப்பு 78. சுருட்டிய காகிதத்துக்கும் அப்படியே. மின்னணுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் எங்கள் கண்ணெதிரே அதைத் திறந்தார்; உள்ளே சிவப்பு விளக்கு ஒன்று மட்டுமே இருந்தது.

இது ஏன் மோசடி என்பது புரிய, உண்மையான கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி, சுமார் 940 நானோமீட்டருள்ள அகச்சிவப்பு ஒளி என இரண்டையும் அது விரலின் ஊடாகச் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாதது சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் விரலுக்குள் புதிதாகப் பாயும் ரத்தத்தால் மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு ஒளிகளின் விகிதத்திலிருந்து அளவைக் கணக்கிடுகிறது. 1974இல் இந்த வழியைக் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி. அவருடைய கண்டுபிடிப்பை உலகமே தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். இரண்டு ஒளிகளின் ஒப்பீடுதான் இந்த முறையின் உயிர்நாடி. ஒற்றைச் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு திரையில் 98 என்று காட்டுவது அளவீடே அல்ல.

விற்பனையாளருக்குக் காணொளியோடு எழுதினேன். முதலில் மின்கலத்தை மாற்றச் சொன்னார்கள், அடுத்து விரலைச் சூடாக்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் ஒற்றை நட்சத்திர மதிப்புரை எழுதிய பிறகுதான் பணத்தைத் திருப்பித் தருவதாகச் செய்தி வந்தது, மதிப்புரையை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் மறுத்தேன். அந்த ஐந்து நட்சத்திரங்கள் எப்படிச் சேர்ந்திருக்கும் என்பதும் அப்போது விளங்கியது. இணையச் சந்தையோ, திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டது, உடலில் பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று கைவிரித்தது. சில வாரங்களில் அந்தப் பக்கமே காணாமல் போனது. என் மதிப்புரையும் அதோடு போயிற்று. புதிய பெயரில் திறந்த பக்கத்தில் பழைய படங்களே இருந்தன.

உங்களிடம் உள்ள கருவியைச் சோதிக்க விரும்பினால், பேனா சோதனையை மட்டும் நம்ப வேண்டாம் என்று அக்கா சொல்கிறார். நல்ல கருவியும் வெளி வெளிச்சத்தாலும் அசைவாலும் குழம்பி, உயிரற்ற பொருளுக்குச் சில நொடிகள் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டக்கூடும். பேனாவுக்கு எண் காட்டாத கருவி துல்லியமானது என்றும் பொருளில்லை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணி, கருவி காட்டும் துடிப்போடு ஒப்பிடுங்கள். பிறகு மாடிப்படி ஏறி இறங்கி மறுபடியும் எண்ணுங்கள். உங்கள் துடிப்பு கூடியும் கருவியின் எண் நகரவில்லை என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பு கிடைக்கும்போது கருவியையும் எடுத்துச் சென்று, அங்குள்ளதோடு ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. புதிதாக வாங்குபவர்கள் ஐஎஸ்ஓ 80601-2-61 என்ற தரக் குறியீடும், தயாரிப்பாளரின் முழு முகவரியும், உங்கள் நாட்டு மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பின் பதிவும் உள்ளதா என்று பாருங்கள். குறியீட்டை யாரும் அச்சடித்துவிடலாம். ஆகவே பதிவு எண்ணை அந்த அமைப்பின் பட்டியலில் தேடிச் சரிபார்த்துவிடுங்கள்.

மலிவானது எல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனையில், ஆறு மலிவான கருவிகளில் இரண்டு சர்வதேசத் தரத்தை எட்டின, நான்கு எட்டவில்லை. ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கும்போது அவை ஓரளவு சரியாகவும், அளவு குறையும்போது, அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், பிழையோடும் காட்டின. அங்கீகாரம் பெற்ற கருவிக்கும் எல்லை உண்டு. அது 90 என்று காட்டினால் உண்மையான அளவு 86 முதல் 94 வரை எங்கும் இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் எச்சரித்தது. நகப்பூச்சு, குளிர்ந்த கை, குறைந்த ரத்த ஓட்டம் ஆகியவையும் எண்ணைக் கெடுக்கும்.

தோல் நிறத்தைப் பற்றி நம்மவர்களுக்கு இன்னும் போதுமான அளவு தெரியவில்லை. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான மிச்சிகன் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு காணப்பட்டது. கருமையான தோல் உள்ளவர்களுக்கு நல்ல கருவியே கூட்டிக் காட்டக்கூடும் என்னும்போது, போலியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

கைப்பேசிக் கேமராவில் விரலை வைத்தால் ஆக்சிஜன் காட்டும் என்று விளம்பரம் செய்யும் செயலிகளையும் தவிர்த்துவிடுங்கள். இப்படிக் கைப்பேசியில் எடுக்கும் அளவு துல்லியமானது என்பதற்கு ஆதாரமில்லை என்று ஆக்ஸ்போர்டு வல்லுநர்கள் 2020இலேயே சொல்லிவிட்டார்கள்.

கருவி என்ன சொன்னாலும், பேச்சின் நடுவே மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, குழப்பமாகப் பேசுவது, நெஞ்சில் அழுத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொலைபேசியில் மருத்துவரிடம் எண்ணைச் சொல்லும்போது, எந்தக் கருவி என்பதையும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏமாற்றப்பட்டவர்கள் கருவியைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டி, விளக்கத் தாள், ரசீது, விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இணையச் சந்தையிடம் மட்டும் புகார் செய்தால் அது சாதாரணப் பொருள் தகராறாக முடிந்துவிடும். மருத்துவக் கருவிகளுக்கான ஒழுங்குமுறை அமைப்புக்கும் நுகர்வோர் அமைப்புக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எங்கள் புகாருக்கு இப்போதுதான் பதிவு எண் கிடைத்திருக்கிறது, திறந்த கருவியையும் பெட்டியையும் பரிசோதனைக்காகக் கேட்டிருக்கிறார்கள். பதில் வந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.