போஸ்ட்பேக் பிரீமெட்: கல்லூரிப் பெயரைவிடக் கடிதம்தான் முக்கியம்

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க முதலில் இளங்கலைப் பட்டம் வேண்டும். பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் சரி. ஆனால் உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் வேதியியல், இயற்பியல் இந்த நான்கையும் பெரும்பாலான கல்லூரிகள் ஆய்வக வகுப்போடு சேர்த்துக் கேட்கும், பல இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்து வேலையில் இருந்த என்னிடம் இதில் எதுவும் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு இந்தப் பாடங்களை மட்டும் படித்து முடிக்க இருக்கும் வழிதான் போஸ்ட்பேக். அதை முடித்து இப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். "எந்தக் காலேஜ் போஸ்ட்பேக் பெஸ்ட்?" என்று தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எந்த வகை என்று பாருங்கள். இந்தப் பாடங்களைத் தொட்டே பார்க்காமல் வேறு துறையிலிருந்து வருபவர்கள் ஒரு வகை. படித்தும் மதிப்பெண் குறைந்தவர்கள் இன்னொரு வகை. பிரின் மார், கௌச்சர், ஸ்கிரிப்ஸ் போன்ற சிறிய கல்லூரிகளின் முழுநேர போஸ்ட்பேக் முதல் வகைக்கானது. பிரின் மார் 1972 முதலும், கொலம்பியா 1955 முதலும் இதை நடத்துகின்றன. இரண்டாம் வகையினர் அங்கே விண்ணப்பிப்பது பெரும்பாலும் வீண். அவர்களுக்கு மேல்நிலை அறிவியல் பாடங்கள் தரும் போஸ்ட்பேக்கோ, மருத்துவக் கல்லூரிகளே நடத்தும் ஸ்பெஷல் மாஸ்டர்ஸோ பொருந்தும். மாஸ்டர்ஸ் மதிப்பெண் இளங்கலை ஜிபிஏவில், அதாவது 4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணில், சேராது, தனியாகத்தான் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

இரண்டாம் வகையினர் ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 120 கிரெடிட்டுக்கு ஜிபிஏ 2.9 இருக்கிறது என்று வையுங்கள். மேலும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் மொத்தம் 3.12தான் வரும். இங்கே டாக்டர் பட்டம் எம்.டி., டி.ஓ. என்று இரண்டு வகை. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸில், திரும்பப் படித்த பாடத்தின் பழைய மதிப்பெண்ணும் கணக்கில் வரும். டி.ஓ. கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் புதிய மதிப்பெண் பழையதை நீக்கிவிடும் என்ற வசதி இருந்தது. 2017இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே மொத்த ஜிபிஏ பெரிதாக ஏறிவிடும் என்று நம்பிச் சேராதீர்கள். கடைசி இரண்டு வருட மதிப்பெண் தொடர்ந்து மேலே போகிறது என்று காட்டத்தான் அந்தப் படிப்பு உதவும்.

இப்போது சேர்க்கை விகிதம். எங்கள் மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று சில இடங்களில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். யாரில் 90 சதவீதம் என்று கேளுங்கள். போஸ்ட்பேக் முடிப்பவருக்காக அங்குள்ள ஆலோசனைக் குழு கமிட்டி லெட்டர் என்று ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதும். குறிப்பிட்ட ஜிபிஏ இல்லாவிட்டால் பல இடங்களில் அது கிடைக்காது. ஆர்கானிக்கில் தடுமாறி நடுவில் விலகியவர்களும், கடிதம் மறுக்கப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் வராமல் போகலாம். நான் விசாரித்த இடங்களில் எல்லாம், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விண்ணப்பிக்கும் கட்டம் வரை வந்தார்கள் என்று கேட்டேன். சில இடங்களில் உடனே எண்ணைச் சொன்னார்கள். ஒரு இடத்தில் கையேட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புகள். பெயரில் கவர்ச்சி கிடையாது, வேலையை விட வேண்டிய அவசியமும் இல்லை. ஆர்கானிக் லேப் மாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணி வரை இழுக்கும். செப்பரேட்டரி ஃபனலைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி, குழாயைத் திறந்து உள்ளே சேர்ந்த வாயுவை வெளியே விட வேண்டும். அவசரத்தில் விட மறந்தால் மூடி தெறித்து, அன்றைய மாதிரி மொத்தமும் மேசையில்தான். பேராசிரியர் ஒவ்வொரு மேசையாக வந்து, திரவம் எங்கே இரண்டு அடுக்காகப் பிரிகிறது, எந்த அடுக்கில் நமக்கு வேண்டிய பொருள் இருக்கிறது, ஏன் என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் கோபப்பட மாட்டார். யோசித்து வை, திரும்பி வருகிறேன் என்பார், திரும்பி வரவும் செய்வார். வகுப்பில் நர்ஸுகள், பாராமெடிக்குகள், என்னைப் போல ஆபீஸிலிருந்து நேரே வருபவர்கள் எல்லாரும் இருந்தோம். எங்கள் ஒவ்வொருவரையும் அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

இது ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கமிட்டி லெட்டர் இல்லாதவர்களிடம் அறிவியல் பேராசிரியர்கள் எழுதிய கடிதங்களைக் கேட்கின்றன, பல இடங்களில் இரண்டு. முந்நூறு பேர் உட்காரும் ஹாலில் ஏ வாங்கினாலும், மதிப்பெண்ணைத் தாண்டி உங்களைப் பற்றி எழுதப் பேராசிரியரிடம் எதுவும் இருக்காது. எனக்கு எழுதியவர் இந்த ஆர்கானிக் பேராசிரியர். அப்புறம் நேர்காணலில் என் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டதைவிட அவருடைய கடிதத்தில் இருந்ததைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். அதனால் எங்கு சேருமுன்னும், உங்களுக்குக் கடிதம் எழுதப்போவது யார், அவர் உங்களை எத்தனை மாதம் பக்கத்திலிருந்து பார்ப்பார் என்று விசாரியுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

முழுநேரப் படிப்புகளில் லிங்கேஜ் என்று ஒரு நல்ல வசதி உண்டு. போஸ்ட்பேக் படிக்கும்போதே, அதனோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வழி அது. பொதுவாக, படிப்பு முடிந்து மே, ஜூனில் விண்ணப்பித்தால் அடுத்த வருடம்தான் வகுப்பு தொடங்கும், நடுவில் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். லிங்கேஜ் கிடைத்தால் அந்த வருடம் மிச்சம். ஆனால் பெரும்பாலும் ஒரே கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கலாம், இடம் கொடுத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். முப்பத்தைந்து வயதில் குழந்தைகளோடு இருப்பவருக்கு அந்த ஒரு வருடம் பெரிய விஷயம், செலவழித்தாலும் தகும். எனக்கு அந்த நடு வருடம்தான் கைகொடுத்தது. எமர்ஜென்ஸியில் ஸ்கிரைபாக, மருத்துவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்கும் வேலை பார்த்தேன். சம்பளம் சொற்பம். ஆனால் நெஞ்சுவலி என்று வருபவரிடம் மருத்துவர் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார் என்று அங்கேதான் கற்றேன்.

பணத்தில் கவனம் தேவை. தனியார் கல்லூரியில் இந்த ஒரு வருடமே பல்லாயிரம் டாலர் விழுங்கும். மேலும் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற, பட்டமேற்படிப்புக்கான மத்திய அரசுக் கடன் இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். மருத்துவக் கல்லூரிச் செலவு பல இடங்களில் அதைத் தாண்டும். எனவே போஸ்ட்பேக்குக்கே கடன் வாங்கித் தோளில் ஏற்றிக்கொள்வது முன்பைவிட ஆபத்து. வேலையை வைத்துக்கொண்டு ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன் மாதிரி மாலை வகுப்புகளிலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ படிப்பதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

தமிழ்நாட்டில் பி.இ. முடித்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு மதிப்பெண்களை ஆம்காஸ் சரிபார்த்து ஜிபிஏவாக மாற்றாது. அமெரிக்கக் கல்லூரியில் 90 கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்கள் உண்டு. போஸ்ட்பேக் மட்டும் அந்த அளவுக்கு வராது. பல மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதே இல்லை. ஆகவே எச்1பியில் இருப்பவர்கள் போஸ்ட்பேக்குக்குப் பணம் கட்டுவதற்கு முன், தாங்கள் குறிவைத்திருக்கும் நாலைந்து மருத்துவக் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, விசா நிலை, பட்டம் இரண்டையும் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.