அலாரமா, நிற்கும் மேசையா, டீக்கடையா: பாரிமுனை ஆபீஸுக்கு எது சரிப்படும்?

லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு பக்கம், சரக்குக்கு கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்தால் முன்பெல்லாம் கால் தேய்ந்துவிடும். டாக்குமெண்ட் கட்டைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் பேங்குக்கும் மாறி மாறி அலைய வேண்டும். இப்போது பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் படிவம் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் வெப்சைட் வழியாக சீட்டிலிருந்தே போய்விடுகிறது. காலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குத்தான் எழுகிறார், டிபன் பாக்ஸை மேசையிலேயே திறந்தால் அதுவும் கிடையாது.

உட்கார்ந்தே இருப்பது கெடுதல் என்று யாருக்குத் தெரியாது? வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறதே. தெரிந்தும் எழாததற்குப் பழக்கம் பாதி காரணம், மேனேஜர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் மீதி. அதனால் சீட்டை விட்டு அடிக்கடி எழ எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: சீட்டில் ஆள் இல்லையே என்று யாராவது கேட்டால் சொல்ல இது ஒரு காரணம் தருகிறதா?

அலாரம் தராது. செலவில்லை, போனிலேயே வைக்கலாம், சரி. ஆனால் கன்டெய்னர் நம்பர் அடித்துக்கொண்டிருக்கும்போது அலறினால் கை தானாகப் போய் அணைத்துவிடும், கொஞ்ச நாளில் காதிலேயே விழாது.

நிற்கும் மேசையை அப்படி லேசாகத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் உள்ளாட்சி ஊழியர்கள் 756 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. பயிற்சியும் ஊக்கமும் மட்டும் பெற்றவர்கள், ஒன்றும் பெறாதவர்களைவிட 12 மாதம் கழித்து நாளுக்குச் சுமார் 22 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள். கூடவே உயரம் மாற்றும் மேசையும் கிடைத்தவர்களுக்கு அந்தக் குறைவு சுமார் 64 நிமிடம். வேலையை விடாமலே நிற்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், அதுதான் மேசையின் பலம். ஆனால் அங்கே மேசையோடு பயிற்சியும் இருந்தது, ஆபீஸுக்குள்ளேயே தூண்டிவிட ஆளும் இருந்தார்கள். இங்கே நாலு பேர் தோள் இடிக்கிற மண்ணடி அறையில் ஒருத்தருக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தால், அவர் எழுந்ததும் "என்ன சார், பிரசங்கமா?" என்று ஒரு குரல் வரும். அப்புறம் அந்த மேசை இறங்கினது இறங்கினதுதான்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, இருக்கிற வேலையோடு முடிச்சுப் போடுவது. 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே குறிப்பாக முடிவெடுத்தால் அதைச் செய்யும் வாய்ப்பு கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990-களிலேயே எழுதினார். லைனர் ஆபீஸிலிருந்து, அதாவது கப்பல் கம்பெனியிலிருந்து, போன் வந்தால் எழுந்து நின்று பேசுவேன், செக்லிஸ்ட் பிரிண்ட் கொடுத்தால் நானே போய் எடுப்பேன், பாட்டில் வைத்துக்கொள்ளாமல் கேன் தண்ணீரை டம்ளரில் பிடித்துக் குடிப்பேன். எழ வைப்பது வேலையே என்பதால் குற்ற உணர்ச்சியும் இல்லை, அந்த நிமிடத்தில் மனசோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். குறை இல்லாமல் இல்லை. வெஸல் கட்-ஆஃப், அதாவது கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம், நெருங்கும் நாளில் எல்லாம் மறந்துபோகும், போனே வராத டேட்டா என்ட்ரி ஆளுக்குத் தண்ணீரும் பிரிண்டரும்தான் கதி.

நாலாவது, ஆபீஸே சேர்ந்து எழுவது. டீயை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லாமல் பதினொரு மணிக்கு எல்லோரும் கீழே இறங்குவது. மேனேஜர் முதலில் இறங்கினால் கூச்சம் அங்கேயே முடிந்தது, இதற்கு ஈடான அனுமதி வேறு எதிலும் இல்லை. ஆனால் லோடு இறக்குகிற ஆட்கள் நெருக்கியடிக்கும் டீக்கடையில் போய் நிற்கப் பெண்களில் பலருக்கு விருப்பம் இருக்காது, அவர்களை மேலேயே விட்டுவிட்டுப் போனால் அது ஆம்பளைகளின் பிரேக் ஆகிவிடும். மாடியோ வராந்தாவோ இருந்தால் பிளாஸ்க்கை அங்கே வைத்துவிடலாம். பஜ்ஜியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேனேஜர் மனசு வைத்தால் நாலாவது, இல்லையென்றால் யாரையும் கேட்காமல் மூன்றாவது. இடமும் பணமும் உள்ள பெரிய ஆபீஸ் மேசை வாங்கட்டும், ஆனால் வாங்கினால் முதல் மேசை மேனேஜருக்கு.